ஊர்ப்பெயர் வரும் இடம்

எனக்குத் தெரிவதெல்லாம் பின்னந்தலைகள்.
ஆபரேட்டர் அறையின் சதுரக் கண்ணாடி வழியே
நாளைக்கு நாலு காட்சி.
சிரித்தால் குலுங்கும், அழுதால் குனியும்,
அலுத்தால் மடியில் நீல வெளிச்சம் முளைக்கும்.

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி.
வாசலில் பறை, பாலாபிஷேகம், பட்டாசு.
உள்ளே சோழ ராஜா சிறையில் கிடக்கிறார்.
மீட்கக் கிளம்புகிறது நண்பனின் படை.
திரை முழுக்க ஓலை நிறத்தில் ஒரு வரைபடம்,
மேற்கிலிருந்து ஊர்ந்து வரும் சிவப்புக் கோடு,
கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல்:
"திருவதிகை கடந்து
திருப்பாதிரிப்புலியூர்..."

அவ்வளவுதான்.
கண்டக்டர்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து
திருப்பாப்புலியூர் ஆகிப்போன பெயர்
முழு நீளத்துக்கு, ஆளுயர எழுத்தில்.
பால்கனி நாற்காலிமேல் ஏறி நின்றது.
கிழித்த காகிதம் ஒளிக்கற்றைக்குள் பறந்தது.
"எங்க ஊருடா!"

குரல் வாக்கியத்தை முடித்தது:
"...வரை உள்ள ஊர்களைக் கொளுத்தினார்கள்."

நம் பேச்சில் வினை கடைசியில்தான் வரும்.
அதற்குள் விசிலடித்துவிடுகிறோம்.

கரண்ட் போன மின்விசிறிபோல
சுற்றிச் சுற்றி ஓய்ந்தன விசில்கள்.
முன்வரிசையில் ஒன்று மட்டும்
வாக்கியம் முடிந்தது தெரியாமல்
ஊதிக்கொண்டே இருந்தது.

மதியக் காட்சியில் ஒருவன் கண்டுபிடித்தான்:
எரிகிற ஊருக்குப் பின்னால் மூன்று மலைகள்.
"நம்மூர்ல ஏதுடா மலை?"
"திருவந்திபுரம் மலைடா."
"அதுக்கு எழுபத்து நாலு படிதான்,
மொட்டை போட்டுக்கிட்டு எம்பையன் ஓடியே ஏறுனான்."
கூரைகள் சரிய, குதிரைகள் கனைக்க
அரங்கு மொத்தமும் சிரித்தது.
அந்த இடத்துக்கு நூறு வயலின் வைத்திருந்தார்
இசையமைப்பாளர், பாவம்.

சனி இரவு, இரண்டாம் ஆட்டம்.
மீன்பிடித் தடைக்காலம், துறைமுகத்து ஆட்கள்
வரிசை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.
ஆற்றுமுகத்தில் படகுகள் எரிந்தன.
அஞ்சாப்புலியின் குரல் எனக்குத் தெரியும்,
அவர் ரகசியம் பேசினால் கண்ணாடி தாண்டிக் கேட்கும்:
"போட்டுக்கு நிவாரணம் எவ்வளவு குடுத்தானாம் ராஜா?"
பின்னாலிருந்து பதில்:
"லிஸ்ட்ல பேரு இல்லையாம், மாமா."
இதற்கு யாரும் சிரிக்கவில்லை,
அல்லது எனக்குத்தான் கேட்கவில்லை.

ஞாயிறு, எல்லோரும் தெரிந்துகொண்டு வந்தார்கள்.
வரைபடம் வருமுன்பே
இருட்டில் செல்போன்கள் உயர்ந்து காத்திருந்தன.
பெயருக்கு விசில்.
நெருப்புக்கும் விசில்.
கொளுத்துகிறவன் கதாநாயகனின் ஆள்,
எரிவது நாம்.
யார் பக்கம் கைதட்டுவது என்று
ஒரு கையும் தயங்கியதாகத் தெரியவில்லை.
நானும்தான் வீட்டில் சொன்னேன்,
"நம்ம ஊர் பேரு வருது, வந்து பாருங்க."

புதன் மாலை, இருபத்திரண்டு டிக்கெட்.
கடைசி வரிசையில் தனியே ஒரு பெண்,
சிப்காட் கம்பெனியின் நீலச் சீருடையோடு,
ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்க வேண்டும்.
ஊர்ப்பெயர் வந்தது. யாரும் அசையவில்லை.
தீ வந்தது.
அவள் எழுந்தாள். போகவில்லை.
திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி
நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்,
அந்த நான்கு நிமிடமும்.
இந்த வாரம் முழுக்க
நான் பார்த்த ஒரே முகம்.
கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருப்பது
அவளுக்குத் தெரிந்திருக்காது.
நான் சற்று விலகி நின்றுகொண்டேன்.

இடைவேளையில் சமோசா வாங்கி வந்து
மீதிப் படத்தை முழுசாகப் பார்த்தாள்.

வியாழன், கடைசிக் காட்சி.
நாளை வேறு படம், வேறு பேனர்.
வரைபடம் விரிந்ததும் என் கை போய்
சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்தது.
அவள் வரவில்லை, பார்த்தேன்,
இருந்தும் குறைத்தேன்.
ஓலைக்கூரைகள் ஏதோ அடுத்த தெருவில் எரிவதுபோல்
மெதுவாக எரிந்தன.

முன்வரிசையிலிருந்து ஒருவன்
திரும்பி, நேராக என்னைப் பார்த்து, கை ஆட்டி:
"யோவ் ஆபரேட்டரு, சவுண்டு!"